நடுநாடு: ஆறுகளுக்கு இடைப்பட்ட நிலமும் அதன் பண்பாடும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நடுநாடு என்பது எந்தப் பகுதி?

வடக்கே தொண்டை நாட்டுக்கும் தெற்கே சோழ நாட்டுக்கும் இடையில் உள்ள நிலத்தை நடுநாடு என்று அழைப்பது நெடுங்கால வழக்கம். இன்றைய கடலூர், விழுப்புரம், கள்ளக்குறிச்சி மாவட்டங்களின் பெரும்பகுதியும், திருவண்ணாமலை மாவட்டத்தின் தென்பகுதியும், புதுச்சேரியின் மேற்கு ஓரமும் இதில் அடங்கும். கிழக்கே வங்கக் கடலும் மேற்கே கல்வராயன் மலையும் தெற்கே வெள்ளாறும் இதன் எல்லைகள். வடக்கெல்லை மட்டும் எளிதில் சொல்லிவிடக் கூடியதன்று. சோழர் காலக் கல்வெட்டுகளில் ‘நடுவில் நாடான இராசராச வளநாடு’ என்ற தொடர் வருவதால், இப்பெயர் பிற்காலத்தார் கற்பித்தது அன்று என்பதும், ஆட்சி வழக்கிலேயே இருந்தது என்பதும் தெளிவாகின்றன.

சேர, சோழ, பாண்டிய நாடுகளோடு தொண்டை நாட்டையும் கொங்கு நாட்டையும் எண்ணுகிறவர்கள்கூட நடுநாட்டைப் பல வேளைகளில் விட்டுவிடுகிறார்கள். பெருநாடுகளுக்கு நடுவே கிடந்த வெறும் இடைவெளியாக இதைக் கருதுவதால் நேரும் பிழை அது. தனக்கென ஆறுகளும், குறுநில அரசுகளும், அடியார் மரபும், கூத்தும், பேச்சும் கொண்ட ஒரு முழு நாடு இது.

இதன் எல்லையாக அமைந்த ஆறுகள் எவை? தென்பெண்ணையா, பாலாறா, கொள்ளிடமா?

இந்தக் கேள்விக்கு நூல்கள் ஒன்றுக்கொன்று மாறுபட்ட விடைகளைத் தருகின்றன. தென்பெண்ணையையே வடக்கெல்லையாகக் கொள்வோர் உண்டு. பாலாறு வரை நீட்டுவோரும் உண்டு. தெற்கே சிலர் வெள்ளாற்றோடு நிறுத்துகின்றனர், சிலர் கொள்ளிடம் வரை செல்கின்றனர். இத்தகைய மாறுபாட்டில் நம்பத்தக்க சான்று ஒன்று வேண்டுமானால், நாடுவாரியாகத் தலங்களைத் தொகுத்த சைவ, வைணவ மரபுகளைப் பார்ப்பதே நல்லது. தேவாரப் பாடல் பெற்ற சிவத்தலங்களில் 22 தலங்கள் நடுநாட்டுக்கு உரியவை. ஆழ்வார்கள் பாடிய 108 திவ்விய தேசங்களில் திருக்கோவலூரும் (இன்றைய திருக்கோயிலூர்) திருவயிந்திரபுரமும் ஆகிய 2 மட்டும் நடுநாட்டுத் திருப்பதிகள்.

இந்தப் பட்டியலை நில வரைபடத்தின் மேல் வைத்துப் பார்த்தால் செய்தி விளங்கும். தெற்கே, வெள்ளாற்றின் கரையை ஒட்டிய பெண்ணாகடமும் கூடலையாற்றூரும் நடுநாட்டில் வருகின்றன; வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் இடையில் உள்ள சிதம்பரமோ இரு மரபுகளிலும் சோழ நாட்டுக் கணக்கில் நிற்கிறது. ஆகவே தெற்கெல்லை கொள்ளிடம் அன்று, வெள்ளாறே. வடக்கே நிலைமை வேறு. விழுப்புரத்தை அடுத்த திருவாமாத்தூர், விக்கிரவாண்டிக்கு அருகிலுள்ள பனையபுரம், புதுச்சேரியைச் சேர்ந்த திருவாண்டார்கோயில், இவற்றோடு திருவண்ணாமலை ஆகியவை எல்லாம் பெண்ணைக்கு வடக்கே இருந்தும் நடுநாட்டுத் தலங்கள்தாம். சங்கராபரணி எனப்படும் செஞ்சியாற்றின் கரையிலுள்ள திருவக்கரைக்கு வந்ததும் தொண்டை நாடு தொடங்கிவிடுகிறது. எனவே கிழக்குப் பகுதியிலேனும் சங்கராபரணியையே வடக்கெல்லையாகக் கொள்வது பொருத்தம்.

இதிலிருந்து பெறப்படும் முக்கியமான உண்மை ஒன்று உண்டு. எல்லை என்று பலரும் சொல்லும் தென்பெண்ணை உண்மையில் இந்நாட்டின் ஊடே ஓடுகிறது. அதன் இரு கரைகளிலும் ஒரே மக்கள், ஒரே வழிபாடு, ஒரே பேச்சு. தென்கரையில் திருக்கோவலூரும் அதற்கு எதிரே வடகரையில் அறையணிநல்லூர் என்னும் அரகண்டநல்லூரும் இருப்பதைப் பார்க்கிறவர்களுக்கு இது தானே விளங்கும்.

வெள்ளாறு புதுக்கோட்டைப் பக்கம் அல்லவா ஓடுகிறது?

வெள்ளாறு என்ற பெயரில் தமிழ்நாட்டில் இரண்டு ஆறுகள் உள்ளன. புதுக்கோட்டை வழியாக ஓடுவது தென்வெள்ளாறு. அது சோழ நாட்டுக்கும் பாண்டிய நாட்டுக்கும் எல்லையாக இருந்தது. நடுநாட்டுக்கு உரியது வடவெள்ளாறு. சேலம் பக்கத்து மலைகளிலிருந்து இறங்கும் வசிட்ட நதியும் சுவேத நதியும் கூடி இந்த ஆறாகின்றன. பிறகு கல்வராயன் மலைநீரோடு விருத்தாசலம் வழியாக வரும் மணிமுத்தாறு கூடலையாற்றூரில் வந்து சேர, சேத்தியாத்தோப்பைக் கடந்து பரங்கிப்பேட்டையில் கடலை அடைகிறது.

தென்பெண்ணை எப்படிப்பட்ட ஆறு?

கர்நாடகத்தின் நந்தி மலைப் பகுதியில் தோன்றி, ஓசூர், கிருஷ்ணகிரி, தருமபுரிப் பகுதிகளைக் கடந்து, செங்கத்து மலைகளின் ஊடே சாத்தனூருக்கு வந்து, திருக்கோவலூர், திருவெண்ணெய்நல்லூர் வழியாகக் கடலூருக்கு வடக்கே கடலில் கலக்கும் இவ்வாற்றின் நீளம் 400 கிலோமீட்டருக்கு மேல். காவிரியைப் போல மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்மேற்குப் பருவமழையால் வளர்கிற ஆறு அன்று இது. ஐப்பசி, கார்த்திகையில் பொழியும் வடகிழக்குப் பருவமழையை நம்பியே கீழ்ப்பகுதி இருக்கிறது. ஆண்டின் பெரும்பகுதியில் அகன்ற மணற்பரப்பாகக் கிடந்துவிட்டு, சில நாள்களில் மட்டும் கரைபுரண்டு ஓடுவது இதன் இயல்பு.

இந்த இயல்பை அறியாமல் நடுநாட்டு வேளாண்மையைப் புரிந்துகொள்ள முடியாது. மேலே நீர் இல்லாத மாதங்களிலும் மணலுக்கு அடியில் நீர் இருந்தது. அந்த ஊற்று நீரும், ஆற்றிலிருந்து வெட்டப்பட்ட கால்வாய்கள் நிரப்பிய ஏரிகளும், கரையோரக் கிணறுகளும் சேர்ந்துதான் நெல்லையும் கரும்பையும் காத்து வந்தன. 1950களின் பிற்பகுதியில் கிருஷ்ணகிரி அணையும் சாத்தனூர் அணையும் கட்டப்பட்ட பிறகு மேல்பகுதிப் பாசனம் வலுப்பெற்றது. ஆனால் மணல் அளவின்றி அள்ளப்பட்டதால் ஆற்றின் படுகை தாழ்ந்த இடங்களில், கால்வாயின் தலைப்பு மேட்டில் நிற்க, ஆற்று நீர் பள்ளத்தில் ஓடுகிறது. வெள்ளம் வந்தும் ஏரிக்கு நீர் ஏறாத அவலத்துக்கு இதுவே முதற்காரணம். மணலைக் கட்டடப் பொருளாக மட்டுமே பார்க்கிறவர்கள், அது இவ்வாற்றின் நீர்த்தேக்கம் என்பதை மறந்துவிடுகிறார்கள்.

வெள்ளத்தின் வேகத்துக்கும் அண்மைக்காலச் சான்றுகள் உண்டு. 2020இல் கட்டி முடிக்கப்பட்ட தளவானூர் தடுப்பணை 2021 ஜனவரியிலேயே உடைந்தது. அதே ஆண்டு நவம்பர் வெள்ளத்தில் பழைய எல்லீஸ் சத்திரம் அணைக்கட்டும் சேதமடைந்தது. ஃபெஞ்சல் புயலின்போது, 2024 டிசம்பர் 2 அன்று, சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு 1.68 லட்சம் கன அடி நீர் திறந்துவிடப்பட, கரையோர ஊர்கள் பலவும் மூழ்கின. நீருக்காக ஏங்கும் மாதங்களும் நீருக்கு அஞ்சும் நாள்களும் ஒரே ஆண்டுக்குள் வருவதை இம்மக்கள் தலைமுறை தலைமுறையாகக் கண்டு வந்திருக்கிறார்கள். மேலே கர்நாடகம் மார்க்கண்டேய நதியின் குறுக்கே யார்கோளில் கட்டிய அணை தொடர்பாகத் தமிழ்நாடு 2018இல் உச்ச நீதிமன்றம் சென்றதற்கும் இந்தக் கீழ்ப்பகுதியின் கவலையே அடிப்படை.

கெடிலம் மிகச் சிறிய ஆறாயிற்றே, அதற்கு ஏன் அவ்வளவு பெருமை?

நீளத்தைக் கொண்டு அளந்தால் கெடிலம் சிறியதுதான். கள்ளக்குறிச்சிப் பகுதியில் தோன்றிக் கடலூரில் கடலில் கலந்துவிடுகிறது. ஆனால் தமிழ்ப் பக்தி இலக்கியத்தின் வரலாற்றைச் சொல்ல வேண்டுமானால் இந்தச் சிற்றாற்றின் கரையில் நடந்து கொண்டேதான் சொல்ல வேண்டும்.

சுந்தரர் பிறந்த திருநாவலூர் கெடிலத்துக்கு அருகில் உள்ளது. அவரை வளர்த்த நரசிங்க முனையரையர் இப்பகுதியை ஆண்ட குறுநில மன்னர். அதனால் இதற்குத் திருமுனைப்பாடி நாடு என்ற பெயரும் வழங்கியது. திருநாவுக்கரசர் பிறந்த திருவாமூரும் இந்நாட்டு ஊரே. சமணத்தைத் தழுவி நெடுங்காலம் வாழ்ந்த அவர், சூலை நோயுற்றுத் தமக்கையார் திலகவதியாரிடம் திரும்பி வந்ததும், ‘கூற்றாயினவாறு விலக்ககிலீர்’ என்று முதற்பதிகம் பாடியதும் கெடிலக் கரையிலுள்ள திருவதிகையில்தான். அப்பதிகத்தில் பாட்டுக்குப் பாட்டு இறைவனை ‘அதிகைக் கெடில வீரட்டானத்துறை அம்மானே’ என்று விளிக்கிறார். ஓர் ஆற்றின் பெயரைச் சேர்க்காமல் தம் இறைவனை அழைக்க அவருக்கு மனம் வரவில்லை என்பதை எண்ணிப் பார்த்தால் நெஞ்சு நெகிழ்கிறது. பல்லவ மன்னன் அவரைக் கல்லோடு கட்டிக் கடலில் இட்டபோது, அக்கல்லே தெப்பமாகி அவர் கரையேறிய இடம் என்று பெரியபுராணம் சொல்வது திருப்பாதிரிப்புலியூர்; இன்றைய கடலூர் நகரின் ஒரு பகுதி அது.

தேவார மூவரில் இருவர் ஒரே சிறு நாட்டில் பிறந்தது தற்செயல் என்று ஒதுக்கிவிடலாம். ஆனால் சமணம், சைவம், பல்லவ அரசு ஆகிய மூன்றும் நேருக்கு நேர் மோதிய களமாக இந்த ஆற்றங்கரை இருந்தது என்பதையும் சேர்த்துப் பார்த்தால், அந்தக் குரல்கள் இங்கிருந்து எழுந்ததற்குக் காரணம் இருக்கிறது என்றே தோன்றுகிறது.

நடுநாட்டைத் தனி அரசர்கள் ஆண்டதுண்டா?

முடியுடை வேந்தர் எவரும் இதைத் தலைமை நாடாகக் கொண்டதில்லை. ஆனால் வேந்தர்களையே நிலைகுலைய வைத்த குறுநில மன்னர்கள் இங்கிருந்தார்கள்.

சங்க காலத்தில் திருக்கோவலூரைத் தலைநகராகக் கொண்டு ஆண்டவன் மலையமான் திருமுடிக்காரி. கடையெழு வள்ளல்களில் ஒருவனான அவனது நாடு மலாடு எனப்பட்டது. அவனது கோவலூரைத் தகடூர் அதியமான் நெடுமான் அஞ்சி வென்ற செய்தியைப் புறநானூற்றில் ஔவையார் பாடியுள்ளார். அதே திருக்கோவலூர் வட்டாரத்தில், ஜம்பை என்னும் சிற்றூரின் குன்றில், அதியமான் நெடுமான் அஞ்சி கொடுத்த உறைவிடத்தைக் குறிக்கும் தமிழ்ப் பிராமிக் கல்வெட்டு 1981இல் கண்டறியப்பட்டது. பாட்டில் இருந்த மன்னனின் பெயர் பாறையிலும் கிடைத்தது தமிழக வரலாற்றாய்வில் பெரும்பேறு.

பாரி இறந்த பிறகு அவன் மகளிரோடு கபிலர் வந்து சேர்ந்ததும் இந்தப் பெண்ணைக் கரைக்கே. மகளிர்க்கு வாழ்வு அமைத்துவிட்டு அவர் உயிர் நீத்த இடம் என்று திருக்கோவலூரில் ஆற்றின் நடுவே ஒரு பாறையைக் காட்டுகிறார்கள். கபிலர்கல் என்ற அந்தப் பாறையை முதலாம் இராசராசன் காலத்துக் கல்வெட்டு ஒன்றும் அவ்வூர் வீரட்டானக் கோயிலில் குறிப்பிடுகிறது. இராசராசனின் தாய் வானவன் மாதேவி மலையமான் குடியில் பிறந்தவர் என்பதை அறிந்தால், சங்கப் புலவரின் நினைவு சோழர் கல்வெட்டில் இடம்பெற்றதன் பொருத்தம் புலப்படும்.

13ஆம் நூற்றாண்டில் கெடிலக் கரையிலுள்ள சேந்தமங்கலத்தைத் தலைநகராகக் கொண்ட காடவராயன் கோப்பெருஞ்சிங்கன், சோழப் பேரரசன் மூன்றாம் இராசராசனையே பிடித்துச் சிறையில் வைத்தான். போசள மன்னன் இரண்டாம் நரசிம்மன் படையனுப்பி அவனை மீட்க வேண்டியதாயிற்று. அந்தப் படையெடுப்பின் விவரங்களைத் திருவயிந்திரபுரம் கல்வெட்டு வரிசையாகச் சொல்கிறது. தெற்கே பேரரசு சரிந்துகொண்டிருந்தபோது அதன் உச்சிமீது கைவைத்தவன் நடுநாட்டான் என்பது இந்நிலத்தின் வலிமையைக் காட்டுகிறது. மேற்கே, வசிட்ட நதிக்கரை ஆறகளூரிலிருந்து ஆண்ட வாணகோவரையர்களின் பகுதி மகதை மண்டலம் என்று வழங்கியது.

சமய வரலாற்றில் தேவாரம் தவிர இந்நாட்டின் பங்கு என்ன?

வைணவத்தின் தமிழ்த் தொடக்கமே இங்கிருந்துதான் சொல்லப்படுகிறது. மழை பொழிந்த ஓர் இரவில் திருக்கோவலூரில் ஒரு வீட்டின் இடைகழியில் பொய்கையாழ்வாரும் பூதத்தாழ்வாரும் பேயாழ்வாரும் நெருக்கி நின்றபோது நான்காவதாக இறைவனும் அங்கு வந்து நெருங்கினான் என்பதும், அந்த அனுபவத்தில் பிறந்தவையே முதல் மூன்று திருவந்தாதிகள் என்பதும் மரபு. திருவயிந்திரபுரத்தில் வேதாந்த தேசிகர் நெடுங்காலம் வாழ்ந்தார்.

சைவ சித்தாந்தத்துக்கோ இது பிறந்த வீடு. 13ஆம் நூற்றாண்டில் சிவஞானபோதத்தை அருளிய மெய்கண்டார் பெண்ணாகடத்தில் பிறந்து திருவெண்ணெய்நல்லூரில் வாழ்ந்தவர். சிவஞானசித்தியார் பாடிய அவர் மாணவர் அருணந்தி சிவாச்சாரியார் திருத்துறையூரினர். சுந்தரரை இறைவன் தடுத்தாட்கொண்டதும் அதே திருவெண்ணெய்நல்லூரில்தான். ‘பித்தா பிறைசூடீ’ என்று தொடங்கும் அவரது முதற்பாட்டு அவ்வூரைப் ‘பெண்ணைத் தென்பால்’ என்று ஆற்றை வைத்தே அடையாளம் காட்டுகிறது.

கடைசியாக வள்ளலார். 1823இல் மருதூரில் பிறந்த இராமலிங்க அடிகள், 1867இல் வடலூரில் சத்திய தருமச்சாலையைத் தொடங்கி, சாதி, சமயம் கேளாமல் பசித்தவர்க்கு உணவிட ஏற்பாடு செய்தார். அன்று ஏற்றிய அடுப்பு இன்றுவரை அணையாமல் காக்கப்படுகிறது. 1872இல் சத்திய ஞானசபை எழுந்தது. மழை பொய்த்தால் பஞ்சத்தில் விழும் செம்மண் மேட்டின் நடுவே, பசியைப் போக்குவதையே வழிபாடாக அவர் வகுத்தார் என்பதை இந்த நிலத்தோடு பொருத்திப் பார்க்க வேண்டும்.

ஆற்றங்கரை நிலம் என்றால் எங்கும் நெல்வயல்தானா?

இல்லை. ஆறுகளுக்கு இடைப்பட்ட மேட்டு நிலம் செம்மண்ணும் மணற்கல்லும் ஆனது. பண்ணுருட்டி, நெய்வேலி, விருத்தாசலம் சுற்றுவட்டாரத்தில் முந்திரியும் பலாவும் நிலக்கடலையும் விளைவது இந்த மேட்டில். கரையோரத்தில் வயல், மேட்டில் கொல்லை, மேற்கே மலைச்சரிவு, கிழக்கே உப்பங்கழியும் நெய்தலும் என்று நான்கு வகை நிலங்கள் ஒரு பகல் பயணத்துக்குள் அடங்கிவிடும். பழமரங்கள் ஊன்றி வளர ஆண்டுகள் பல ஆவதால், அழிவும் இங்கே நீண்ட அழிவாகவே இருக்கும். 2011 டிசம்பர் 30இல் கரை கடந்த தானே புயல் முந்திரி, பலாத் தோப்புகளை வேரோடு சாய்த்தபோது குடும்பங்கள் இழந்தது ஓராண்டு விளைச்சலை மட்டும் அன்று, தாத்தா நட்டுப் பேரன் உண்ண வேண்டிய சொத்தையே.

நெய்வேலி இந்த அடையாளத்தில் எங்கே வருகிறது?

1930களில் ஜம்புலிங்கம் முதலியார் தம் நிலத்தில் ஆழ்கிணறு தோண்டியபோது நீரோடு கரிய பொருள் வெளிப்பட்டதிலிருந்து நெய்வேலியின் கதை தொடங்குகிறது. 1956இல் பழுப்பு நிலக்கரி நிறுவனம் அமைந்தது. நிலக்கரிப் படிவத்துக்குக் கீழே பேரழுத்தத்தில் ஊற்றுநீர் இருப்பதால், அதை இடைவிடாமல் இறைத்து வெளியேற்றினால்தான் சுரங்கம் நடக்கும். தென்னகத்துக்கு மின்சாரம் தந்த பெருமை நெய்வேலிக்கு உண்டு. ஆயிரக்கணக்கானோர்க்கு அது வேலை தந்தது. அதே வேளையில் ஊர்கள் இடம்பெயர்ந்தன, நிலத்தடி நீர் பற்றிய கவலை வளர்ந்தது. 2023 ஜூலையில் பரவனாற்றை மாற்றிவிடும் கால்வாய்க்காக வளையமாதேவியில் விளைந்து நின்ற நெற்பயிருக்குள் மண்வெட்டும் இயந்திரங்கள் இறங்கியதைக் கண்ட உழவர்களின் துயரம் எளிதில் ஆறக்கூடியதன்று. கதிர் முற்றும் வரை காத்திருப்பது இம்மண்ணில் மிகப் பழைய அறம்.

ஆற்றுத் திருவிழா என்பது என்ன?

நடுநாட்டுக்கே உரிய திருவிழாக்களில் முதலாவதாக இதைச் சொல்ல வேண்டும். தைத் திங்கள் 5ஆம் நாள், பொங்கலின் ஆரவாரம் பிற இடங்களில் அடங்கிய பிறகு, தென்பெண்ணை, கெடிலம் முதலிய ஆறுகளின் கரைகளில் ஊர்கள் கூடுகின்றன. சுற்று வட்டாரக் கோயில்களின் உற்சவத் திருமேனிகள் ஆற்றுக்கு எழுந்தருளித் தீர்த்தவாரி காண்கின்றன; மக்கள் மணலில் குடும்பம் குடும்பமாக அமர்ந்து கட்டுச்சோறு உண்கிறார்கள். கரும்பும் சுருளிக் கிழங்கும் குவியல் குவியலாக விற்பனையாகும். எந்த ஒரு கோயிலின் திருவிழாவாகவும் இல்லாமல் ஆற்றின் திருவிழாவாக இது நடப்பதே இதன் சிறப்பு. பெருமாளும் சிவனும் அம்மனும் இந்த நாளில் ஆற்றைத் தேடி வருகிறார்கள்.

மாசி மகமும் அத்தகையதே. அன்று திருமுட்டம் பூவராகப் பெருமாள் கடல் நீராடக் கிள்ளைக்கு எழுந்தருள்கையில் அவ்வூர் முஸ்லிம்கள் வரவேற்று மரியாதை செய்வது நெடுநாள் வழக்கம்.

திரௌபதி அம்மன் வழிபாடும் கூத்தும் இங்கு ஏன் இவ்வளவு ஆழமாக வேரூன்றின?

பாரதத்தைப் படித்து அறிவதைவிட வாழ்ந்து பார்ப்பது இந்நாட்டு மரபு. திரௌபதி அம்மன் கோயில் திருவிழாவில் பகலில் பாரதம் படிக்கப்படும், இரவில் அதே பகுதி தெருக்கூத்தாக ஆடப்படும். அருச்சுனன் தபசு வரும் நாளில் கட்டியங்காரனும் கூட்டமும் சூழ, வேடம் பூண்டவர் உயர்ந்த மரத்தில் பாடிக்கொண்டே ஏறுவார். இறுதியில் படுகளம்: மண்ணால் செய்த பேருருவத் துரியோதனன் திறந்த வெளியில் கிடக்க, போர் முடிந்து, திரௌபதி கூந்தல் முடித்து, பிறகு தீமிதி. பார்வையாளர் என்று எவரும் தனியே இல்லாமல் ஊரே பாரதத்துக்குள் இருக்கும் நாள்கள் அவை. இந்த வழிபாட்டின் மூல இடமாகச் செஞ்சிக்கு அருகிலுள்ள மேலச்சேரியைப் பக்தர்கள் கருதுகின்றனர்.

இதன் மற்றொரு கிளையே உளுந்தூர்ப்பேட்டைப் பகுதியிலுள்ள கூவாகம். போருக்கு முன் களப்பலியான அரவானைக் கூத்தாண்டவராக வழிபடும் இவ்வூரில், சித்திரைத் திருவிழாவின்போது திருநங்கையர் நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் வந்து தாலி கட்டிக்கொண்டு, மறுநாள் தாலி அறுத்து வெள்ளுடை அணிந்து அழுகிறார்கள். சமூகம் ஒதுக்கி வைத்தவர்களுக்கு ஒரு சிற்றூர்க் கோயில் தலைமுறைகளாக இடம் கொடுத்திருக்கிறது என்பதில் நடுநாடு பெருமை கொள்ளலாம்.

ஆனால் பெருமையை மட்டும் சொல்லி நிறுத்துவது நேர்மையாகாது. தலித் மக்களுக்கு அனுமதி மறுக்கப்பட்டதால் எழுந்த பூசலில், விழுப்புரம் அருகே மேல்பாதியிலுள்ள திரௌபதி அம்மன் கோயில் 2023 ஜூனில் அதிகாரிகளால் பூட்டி முத்திரையிடப்பட்டது. சபையில் அவமதிக்கப்பட்டு நியாயம் கேட்டவளின் சன்னிதியில் எவரையும் வெளியே நிறுத்துவது அந்த வழிபாட்டின் உயிருக்கே முரணானது.

சிதம்பரமும் செஞ்சியும் நடுநாடா?

சிதம்பரம் இன்று கடலூர் மாவட்டத்தில் இருந்தாலும் மரபுப்படி சோழ நாடு. பிச்சாவரத்துச் சுரபுன்னைக் காடுகளும் வீராணம் ஏரியும் அதே பகுதியைச் சேர்ந்தவை. வீராணத்துக்கு வரும் நீரும் கொள்ளிடத்திலிருந்து வடவாறு வழியாக வருவதே. செஞ்சி தொண்டை நாட்டு விளிம்பில் நிற்கிறது. எனினும் நாயக்கர், பீசப்பூர் சுல்தான், மராத்தியர், முகலாயர் என்று செஞ்சிக் கோட்டையைக் கைப்பற்றியவர்கள் எவராயினும் அவர்கள் கை நடுநாட்டின் மீதும் விழுந்தது. அதனால் வரலாற்றில் இரண்டையும் பிரிக்க இயலாது. 1690இல் கடலூர் தேவனாம்பட்டினத்துக் கோட்டையை ஆங்கிலேயக் கும்பினி வாங்கியதும் செஞ்சியிலிருந்த மராத்தியரிடமிருந்துதான். பீரங்கிக் குண்டு சென்று விழுந்த தொலைவு வரையுள்ள ஊர்களும் அந்த விற்பனையில் அடங்கியதால் அவை குண்டு கிராமங்கள் எனப்பட்டன. புனித டேவிட் கோட்டை என்று பெயர் பெற்ற அது, 1746இல் சென்னை பிரெஞ்சுக்காரர் வசமானபோது ஆங்கிலேயரின் தென்னகத் தலைமையிடமாயிற்று. 1758இல் பிரெஞ்சுப் படை அதைத் தகர்த்தது.

நடுநாட்டுப் பேச்சும் எழுத்தும் தனித்தவையா?

ஆம். நிலக்கடலையை மல்லாட்டை என்றும், மானாவாரி நிலத்தைக் கொல்லை என்றும் சொல்லும் பேச்சு இது. விருத்தாசலம் அருகே மணக்கொல்லையைச் சேர்ந்த எழுத்தாளர் கண்மணி குணசேகரன் ஊர் ஊராகக் கேட்டுத் தொகுத்த நடுநாட்டுச் சொல்லகராதி, ஒரு பல்கலைக்கழகத் துறை செய்திருக்க வேண்டிய பணி. இதே பகுதியைச் சேர்ந்த இமையம் 2020ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதெமி விருதைப் பெற்றார். முந்திரிக் கொல்லையின் உழைப்பையும், சாதியின் கொடுமையையும், பெண்களின் வைராக்கியத்தையும் வட்டாரச் சொல்லிலேயே எழுதலாம் என்ற துணிவை இவர்களும் இவர்கள் தலைமுறையினரும் தமிழுக்குத் தந்தார்கள்.

மாவட்டங்கள் பிரிந்த பிறகு இந்த அடையாளம் நீடிக்குமா?

தென்னார்க்காடு என்ற ஒரே மாவட்டமாக இருந்தவரை, பெயர் வேறானாலும், நடுநாட்டின் பெரும்பகுதி ஒரே கணக்கில் இருந்தது. 1993இல் கடலூரும் விழுப்புரமும் பிரிந்தன. 2019இல் விழுப்புரத்திலிருந்து கள்ளக்குறிச்சி பிரிந்தது. நிருவாகத்துக்கு இவை நல்லவையே; மலையோரத்து மக்கள் ஆட்சியர் அலுவலகத்துக்கு நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. ஆனால் தென்பெண்ணையின் கீழ்ப்பகுதி மட்டும் இன்று நான்கு மாவட்டங்களின் கணக்கில் கிடக்கிறது. சாத்தனூரில் மதகு திறப்பது ஒரு மாவட்டம், கரை உடைவது இன்னொரு மாவட்டம், வயல் மூழ்குவது மூன்றாவது. ஆற்றுப்படுகை முழுவதையும் ஒரே நாடாகப் பார்த்த பழைய பார்வை வெள்ள முன்னறிவிப்புக்கும் மணற்காப்புக்கும் கால்வாய் பராமரிப்புக்கும் இன்று தேவைப்படுகிறது.

நேரில் காண விரும்புவோர் எங்கிருந்து தொடங்கலாம்?

திருக்கோவலூரிலிருந்து தொடங்குவது நல்லது. வீரட்டானம், உலகளந்த பெருமாள் கோயில், கபிலர்கல், எதிர்க்கரையில் அறையணிநல்லூர்க் குன்றுக் கோயில் ஆகியவற்றை ஒரே நாளில் பார்க்கலாம். மறுநாள் திருவெண்ணெய்நல்லூர், திருநாவலூர், சேந்தமங்கலம், திருவதிகை என்று கெடிலத்தின் போக்கிலேயே கடலூர் வரை செல்லலாம். மூன்றாம் நாளுக்கு வடலூரும் விருத்தாசலமும் பொருந்தும். ஆற்றில் நீரைக் காண வேண்டுமானால் கார்த்திகை முதல் தை வரை வருவது ஏற்றது. ஆற்றுத் திருவிழாவையும் சேர்த்துக் காண விரும்புவோர் தை 5க்கு முன்பே தங்குமிடம் ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும். கூத்துப் பார்க்க வேண்டுமானால் பங்குனி தொடங்கி ஆடி வரையான கோடை மாதங்களில் வந்து, எந்த ஊரில் பாரதம் நடக்கிறது என்று பேருந்து நிலையத்துத் தேநீர்க் கடையில் கேட்டாலே போதும். சொல்வதோடு நிற்காமல், வழியும் காட்டி அனுப்புவார்கள்.